அந்தக் கறுப்பு நல்ல கறுப்புதான்

கேள்வி: டென்மார்க்கில் வேலை பார்க்கும் என் மகள் அங்கே பழைய பொருள் சந்தையில் ஒரு சின்ன மரப்பெட்டி வாங்கியிருக்கிறாள். கருஞ்சிவப்பு மரம், மூடியில் மெல்லிய வெள்ளிக் கோடுகள், எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. 1950களில் செய்தது என்றாராம் விற்றவர். வெள்ளிதானா? எப்படிப் பளபளப்பாக்குவது? ஊருக்கு வரும்போது எடுத்து வரலாமா?

பதில்: மகளிடம் முதலில் ஒன்று சொல்லிவிடுங்கள், பாலிஷ் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். இந்த மாதிரிப் பெட்டிகள் பாழாவது பெரும்பாலும் ஆசையாகத் தேய்த்துத்தான். பாலிஷ் பசை மரத்தின் நுண்துளைகளுக்குள் போய்க் காய்ந்து வெள்ளை வெள்ளையாக நின்றுவிடும், அப்புறம் என்ன செய்தாலும் முழுதாக வராது. உப்புத்தாள் அதைவிட மோசம், பதித்திருக்கும் தகடே மெல்லியது.

வெள்ளியா என்று கேட்டீர்கள். கறுத்திருப்பதே நல்ல அறிகுறி. காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கும், அலுமினியம் அப்படிக் கறுக்காது. பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், செய்தவர் பெயர் மரத்திலேயே முத்திரையாக இருக்கலாம். டென்மார்க்கின் கோல்டிங் நகரத்தில் 1906இல் தொடங்கிய ஹான்ஸ் ஹான்சென் வெள்ளிப் பட்டறையின் பெயரோ, ஆல்ஃபிரட் கிளிட்கார்ட் என்ற மர வேலைக்காரரின் பெயரோ இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய பொருள். கிளிட்கார்ட் செய்த பெட்டிகளில் ஹான்சென் பட்டறையின் வெள்ளி பதித்து வந்ததுண்டு. வெள்ளியில் 925 எஸ் என்றிருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, 830 எஸ் என்றால் 830 பங்கு. முத்திரை இல்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டாதீர்கள், அவ்வளவு சின்னத் துண்டில் அடிக்க இடமே இருக்காது.

சுத்தம் செய்வதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியை மூடிமேல் மெதுவாக ஓட்டிப் பார்க்கட்டும். மரமும் வெள்ளியும் ஒரே மட்டமாக வழுக்கினால் சரி. எங்காவது நகம் தட்டினால் அங்கே தகடு எழும்பியிருக்கிறது. ஈரத்துக்கு மரம் குறுக்குவாட்டில் ஊதும், காய்ந்தால் சுருங்கும், வெள்ளி அதோடு சேர்ந்து நகராது, அதனால் முனைகள் தூக்கிக்கொள்ளும். அப்படியிருந்தால் துணியே படக் கூடாது, நூல் மாட்டி இழுத்துவிடும். சட்டென்று ஒட்டும் பசையும் வேண்டாம், பழம்பொருள் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதுதான் நல்லது. மட்டமாக இருந்தால், வெள்ளி துடைப்பதற்கென்றே விற்கும் உலர்ந்த துணியைக் குச்சி முனையில் சுற்றி, மரத்தில் படாமல் கோட்டின்மேல் மட்டும், கோட்டின் போக்கிலேயே துடைக்கட்டும். தண்ணீர் ஆகாது. கண்ணாடி மாதிரி மின்ன வேண்டியதில்லை, என்னைக் கேட்டால் ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு இருந்தால்தான் அந்த மரத்துக்கு அழகு.

எடுத்து வருவதில்தான் சிக்கல். தேக்கு என்றால் கவலையில்லை. கருஞ்சிவப்பு என்கிறீர்கள், அப்படியானால் ரோஸ்வுட்டாக இருக்கலாம். அந்தக் காலத்தில் டென்மார்க்கில் பிரேசில் ரோஸ்வுட் நிறையப் பயன்படுத்தினார்கள், 1992 முதல் அது, அழிந்துவரும் விலங்கு, தாவர வகைகளை நாடு விட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. பழைய பொருளுக்கும் எல்லை தாண்டச் சான்றிதழ் வேண்டியிருக்கும், கண்ணால் பார்த்து எந்த ரோஸ்வுட் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே டென்மார்க்கில் சைட்டீஸ் அனுமதி வழங்கும் அரசு அலுவலகத்தில் மகள் கேட்டுவிடட்டும். வாங்கிய ரசீது இருந்தால் தூக்கிப் போட வேண்டாம்.