வாசகர் கேள்வி–பதில்: பஞ்சர் கடைச் சொல்யூஷனும் பசுமைக் கரைப்பான்களும்

ரப்பரைப் பற்றியும் கரைப்பான்களைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பஞ்சர் கடையில் டியூப்பைத் தேய்த்துச் சொல்யூஷன் தடவியபின், உடனே ஒட்டுப் போடாமல் காயவிடுகிறார்கள். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால்தானே நன்றாகப் பிடிக்கும்? (மதுரை வாசகர்)

கோந்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ரப்பர் சொல்யூஷனுக்குப் பொருந்தாது. கந்தகம் சேர்த்து வேகவைக்காத பச்சை ரப்பரை, பெட்ரோலியத்திலிருந்து வடித்த நாஃப்தா போன்ற கரைப்பானில் கரைத்த திரவம்தான் அந்தச் சொல்யூஷன். தடவியவுடன் கரைப்பான் டியூப்பின் மேற்பரப்பைச் சற்றே உப்பச் செய்கிறது. உப்பிய இடத்தில் பச்சை ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நுழைந்துகொள்கின்றன. அத்துடன் கரைப்பானின் வேலை முடிந்தது. அது ஆவியாகாமல் ஒட்டுக்கும் டியூப்புக்கும் நடுவே சிக்கிக்கொண்டால், வண்டி ஓடிச் சூடேறும்போது கொப்பளித்து ஒட்டைத் தூக்கிவிடும். கடைக்காரர் விரலால் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்: விரலில் ஈரம் ஒட்டக்கூடாது, ஆனால் இலேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். சிலவகை ஒட்டுகளில் கந்தகம் ஒரு பக்கத்திலும், அதைத் துரிதப்படுத்தும் முடுக்கி மறுபக்கத்திலும் இருக்கும். இரண்டும் சந்தித்தபின் அடுப்பே இல்லாமல் மெல்ல மெல்ல வெந்து இறுகும்.

இந்தச் சொல்யூஷனுக்கு இருநூறு வயதாகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சார்லஸ் மெக்கின்டோஷ் என்பவர், நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகளில் கழிவாகக் கிடந்த தாரை அம்மோனியாவுக்காக வாங்கிக்கொண்டிருந்தார். அம்மோனியாவை எடுத்தபின் மிஞ்சிய நாஃப்தாவை என்ன செய்வது என்று தேடியவருக்கு, அது ரப்பரைக் கரைக்கிறது என்பது புலப்பட்டது. இரண்டு துணிகளுக்கு நடுவே அந்தக் கரைசலைத் தடவி ஒட்டி, 1823இல் மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் கோட்டு வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது, நாற்றமும் அடித்தது; தையற்காரர் குத்திய ஊசித்துளைகளின் வழியே மழை உள்ளே வந்தது. ஆனாலும் விற்றது. கரைப்பான் என்பது வேலை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டிய விருந்தாளி; கிளம்பிய பிறகு அது எங்கே போயிற்று என்று தொழில்துறை வெகுகாலம் விசாரிக்கவே இல்லை. கீழே வரும் ஆம்பூர்க் கேள்வி அதைப் பற்றியது.

கேள்வி: நாங்கள் ரப்பர்ப் பாலை உறையவைத்து, ஷீட் அடித்து, புகைபோட்டு விற்கிறோம். பால் வெள்ளை, ஷீட் தேன் நிறம். டயர் மட்டும் கறுப்பாவது எப்படி? அதில் என்னென்ன சேர்கின்றன? (குலசேகரம் வாசகர்)

ரப்பர் கலவைத் தொழிலில் கணக்கு எப்போதும் நூறிலிருந்து தொடங்கும். ரப்பர் 100 பங்கு என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு மேல் எழுதுவார்கள். லாரி டயரின் தரையில் படும் பகுதிக்கு ஏறத்தாழ 50 பங்கு கார்பன் பிளாக் என்னும் நுண்கரி, 3 முதல் 5 பங்கு ஜிங்க் ஆக்சைடு, 2 பங்கு ஸ்டியரிக் அமிலம், சிறிது எண்ணெய், ஓரிரு பங்கு பாதுகாப்புச் சேர்மானம், 2 பங்கை ஒட்டிய கந்தகம், 1 பங்கு அளவில் முடுக்கி என்று போகும். நூறு கிலோ ஷீட்டுக்கு இரண்டு கிலோ கந்தகம் என்பது சமையலில் உப்புப் போலத் தெரியலாம். ஆனால் அந்த இரண்டு கிலோதான் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டிருந்த சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போட்டு, இழுத்தால் திரும்பி வரும் பொருளாக அதை மாற்றுகிறது. அதே கந்தகத்தை 30 கிலோவுக்கு மேல் ஏற்றினால் ரப்பர் என்றே தெரியாத எபோனைட் கிடைக்கும். பழைய பேனாக்களின் கட்டை அதுதான்.

கந்தகமும் சூடும் சேர்ந்தால் ரப்பர் நிலைபெறும் என்பதை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டார். எனினும் அவர் காலத்து வேகவைப்புக்கு மணிக்கணக்கான நேரம் பிடித்தது. என்னைக் கேட்டால், அவருக்குக் கிடைத்த புகழில் பாதியை ஜார்ஜ் ஓன்ஸ்லேகருக்குக் கொடுக்க வேண்டும். ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் இருந்த டயமண்ட் ரப்பர் நிறுவனத்தில் வேலைபார்த்த அவர், 1906இல் கலவையில் சிறிது அனிலின் சேர்த்தால் வேகும் நேரம் பெரிதும் குறைவதையும், மட்டமான ரப்பர்கூட உயர்ந்த ரகத்துக்கு இணையாக நிற்பதையும் கண்டார். அனிலின் நஞ்சு; தொழிலாளருக்கு ஆகாது என்பதால், அதிலிருந்து செய்யப்படும் தயோகார்பனிலைடுக்கு மாறினார். இன்றைய முடுக்கிகள் எல்லாம் அந்த வரிசையில் வந்தவையே.

நிறத்துக்கு வருவோம். தொடக்ககால டயர்கள் ஜிங்க் ஆக்சைடினால் வெளுப்பாகத்தான் இருந்தன. 1904இல் லண்டனின் சில்வர்டவுன் ஆலையில் எஸ். சி. மோட் என்பவர் எண்ணெயோ வாயுவோ அரைகுறையாக எரியும்போது படியும் நுண்கரியைச் சேர்த்துப் பார்த்தார். சிம்னி விளக்கின் கண்ணாடியில் படியும் கரியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிகள் கண்மை செய்ததும் அதே வகைக் கரியில்தான். அது வெறும் நிறமூட்டியாக நிற்காமல், ரப்பர்ச் சங்கிலிகளை இறுகப் பற்றிக்கொண்டு தேய்மானத்தைப் பெருமளவு குறைத்துவிட்டது.

கரிக்குப் போட்டியாக 1990களில் சிலிக்கா வந்தது. மணலின் வேதிப்பொருளே ஆன இந்த வெள்ளைத் தூள் ரப்பரோடு எளிதில் சேராது. ஒரு முனையால் சிலிக்காவையும் மறுமுனையால் ரப்பரையும் பிடிக்கும் கந்தக–சிலேன் சேர்மத்தைக் கொண்டு இரண்டையும் இணைத்து, 1992இல் மிஷலின் நிறுவனம் உருளும்போது ஆற்றலைக் குறைவாக விழுங்கும் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சிலேன் சிலிக்காவோடு சேரும்போது எத்தனாலை வெளிவிடுகிறது என்பதால், கலவை எந்திரத்தின் மேலே அந்த ஆவியை இழுக்க வழிசெய்ய வேண்டியிருக்கிறது. கரைப்பானே ஊற்றாத இடத்திலும் ஆவி கிளம்பத்தான் செய்கிறது.

கேள்வி: ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் வேலைசெய்கிறேன். நாள் முழுக்கச் சொல்யூஷன் வாடைதான். இப்போது தண்ணீரில் செய்த பசை வந்திருக்கிறது. ஆனால் சீக்கிரம் காய்வதில்லை என்று மேஸ்திரி குறைப்படுகிறார். பழைய சொல்யூஷன் உண்மையிலேயே கெடுதலா, ஐயா? (ஆம்பூர் வாசகி)

எந்தக் கரைப்பான் என்பதைப் பொறுத்தது அம்மா. ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு வரலாறு துணைநிற்கிறது. ரப்பரைச் சூடின்றி வேகவைக்க 1846இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் பார்க்ஸ் கண்டுபிடித்த முறையில் கார்பன் டைசல்பைடு கரைப்பானாகப் பயன்பட்டது. பத்தாண்டுகளுக்குள் பாரிஸ் மருத்துவர் ஓகுஸ்த் டெல்பேஷ், ரப்பர்ப் பட்டறைத் தொழிலாளருக்கு அந்த ஆவியால் நரம்புத் தளர்ச்சியும் மனக்குழப்பமும் உண்டாவதைப் பதிவு செய்தார். பின்னர் பென்சீன் வந்தது. இஸ்தான்புல் நகரின் செருப்புப் பட்டறைகளில் பென்சீன் கலந்த பசையோடு ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களில் 26 பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்திருந்ததை, 1974இல் மருத்துவர் முசாஃபர் அக்சோயும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள்.

பென்சீனை விலக்கிய இடங்களில் பாதுகாப்பானது என்று நம்பி ஹெக்சேனைக் கொண்டுவந்தார்கள். 1960களில் ஜப்பானில் வீட்டில் உட்கார்ந்தே செருப்பு ஒட்டியவர்களுக்குக் கால்விரல்கள் மரத்துப்போய், பிறகு நடையே தளர்ந்தது. உடலுக்குள் ஹெக்சேன் 2,5-ஹெக்சேன்டையோன் என்னும் பொருளாக மாறி நரம்பிழைகளைத் தாக்குவதே அதற்குக் காரணம். ஒன்றை நீக்கி இன்னொன்றை வைக்கும்போது, வைப்பதையும் அதே கடுமையோடு சோதிக்காததால் வந்த வினை இது.

மேஸ்திரி சொல்வதும் பொய்யல்ல. தண்ணீர் ஆவியாக, கரைப்பானைவிட மிக அதிகமான வெப்பம் வேண்டும். ஆகவே பாலியூரித்தேன் அல்லது நியோப்ரீன் துகள்களைத் தண்ணீரில் மிதக்கவிட்ட இந்தப் பசைகளுக்கு வெப்பக்காற்றுச் சுரங்கம் போன்ற உலர்த்தி தேவை. உலர்த்தியில்லாமல் பசையை மட்டும் மாற்றினால் சோல் பிரிந்து வரும், பழி பசையின்மேல் விழும். நீங்கள் உடனே செய்யக்கூடியது, டின்னோடு வரவேண்டிய பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு, அதில் பென்சீன், ஹெக்சேன், டொலுயீன் ஆகிய பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. மெல்லிய ரப்பர்க் கையுறையைக் கரைப்பான் ஊடுருவிவிடும். அதை நம்ப வேண்டாம். கால்விரலோ கைவிரலோ மரத்தால், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 'பசுமைக் கரைப்பான்' என்பது உண்மையான அறிவியலா, விளம்பரச் சொல்லா? (கோயம்புத்தூர், வேதியியல் மாணவர்)

உடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் கெடுதல் குறைந்த கரைப்பானுக்கு வைத்த பெயர் அது; அறிவியல், விளம்பரம் இரண்டும் கலந்தது. உண்மையான பக்கத்துக்கு நல்ல சாட்சி கஃபீன் நீக்கிய காபி. (கஃபீனை எடுத்துவிட்டுக் குடிப்பானேன் என்று கும்பகோணத்தார் கேட்பது காதில் விழுகிறது.) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரேமன் நகரில் அதைச் செய்தபோது பயன்பட்ட கரைப்பான், சற்றுமுன் பார்த்த அதே பென்சீன். 1960களில் அந்நாட்டின் மியூல்ஹைம் நகர ஆய்வகத்தில் குர்ட் ட்ஸோசெல், 31 டிகிரி வெப்பத்துக்கும் வளிமண்டலத்தைப் போல் 73 மடங்கு அழுத்தத்துக்கும் மேலே கார்பன் டைஆக்சைடு வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் நிற்கும் நிலையில், அது ஈரமான காபிக் கொட்டையிலிருந்து கஃபீனைக் கரைத்தெடுப்பதைக் காட்டினார். அழுத்தத்தைத் தளர்த்தினால் கரைப்பான் தானே விலகிவிடும். கொட்டையில் எச்சம் தங்காது.

கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துபார்க்கக்கூடிய இன்னொன்றைச் சொல்கிறேன். கோழித்தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு ஒரு மூலக்கூறுக்கு யூரியா இரண்டு மூலக்கூறு என்ற கணக்கில் எடுத்து, இலேசாகச் சூடாக்கிக் கலக்குங்கள். 302 டிகிரியில் உருகும் தூளும் 133 டிகிரியில் உருகும் தூளும் சேர்ந்து தெளிந்த திரவமாகி, அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகும் உறையாமல் நிற்கும். அதன் உறைநிலை 12 டிகிரி. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ அபட் குழுவினர் 2003இல் வெளியிட்ட இந்தக் கலவை உலோக ஆக்சைடுகளைக்கூடக் கரைக்கும். கரும்புச் சக்கையிலிருந்து கிடைக்கும் ஃபர்ஃபுராலிலிருந்து செய்யக்கூடிய 2-மெத்தில் டெட்ராஹைட்ரோஃபியூரானை, வித்துகளிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுக்க ஹெக்சேனுக்கு மாற்றாகப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அனுமதித்தது.

விளம்பரப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அயனித் திரவங்கள், அதாவது குறைந்த வெப்பத்திலேயே திரவமாக நிற்கும் உப்புகள், ஆவியாவதில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவசரமாகப் பசுமைப் பட்டம் பெற்றன. அவற்றுள் சில நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பது பிறகு தெரிந்தது. தாவரத்திலிருந்து வந்தது என்பதும் தனியே ஒரு தகுதியல்ல. கொட்டிய பாலும் ஆற்றைக் கெடுக்கும். ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோ கழிவு என்று வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் வகுத்த கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் நிறம் தெரியும். மருந்துத் தொழிலில் அது 25 முதல் 100 வரையும் அதற்கு மேலும் போகிறது, அதில் பெரும்பங்கு கரைப்பான்தான். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ரலின் மருந்தின் தயாரிப்பை ஃபைசர் நிறுவனம் திருத்தியமைத்தபோது நான்கு கரைப்பான்களின் இடத்தில் எத்தனால் ஒன்றே போதுமானதாயிற்று. 2002இல் அதற்கு அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. எத்தனால் புதிய கண்டுபிடிப்பா என்ன?

கேள்வி: சிறிய பட்டறையில் எண்ணெய்க்கு ஈடுகொடுக்கும் ஒரு ரப்பர்க் கலவையை உருவாக்கியிருக்கிறேன். காப்புரிமை கிடைக்குமா? (அம்பத்தூர் வாசகர்)

கிடைக்கலாம்; ஆனால் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(இ) பிரிவைத் தாண்ட வேண்டும். சேர்மானங்களின் குணங்கள் வெறுமனே கூடிநிற்கும் கலவைக்கு உரிமை இல்லை என்கிறது அது. தனித்தனியாகக் கிடைக்காத விளைவு சேர்க்கையால் கிடைக்கிறது என்பதை, ஒவ்வொரு பொருளையும் விட்டுவிட்டுச் செய்த மாதிரிகளின் சோதனை அளவுகளோடு காட்டுங்கள். முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தால், முழு விவரத்துக்கு 12 மாத அவகாசம் உண்டு. சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. அதற்குமுன் வாங்குபவருக்கு மாதிரி கொடுக்காதீர்கள். குட்இயரின் மாதிரிகள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து அங்கே ரப்பர்த் தொழில் நடத்திய தாமஸ் ஹான்காக்கின் பார்வையில் பட்டன. 1843 நவம்பரில் ஹான்காக் அங்கே காப்புரிமைக்கு முந்திக்கொண்டார். குட்இயர் 1860இல் கடனாளியாகவே இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் 1898இல் வேறொருவர் தொடங்கியது.

கேள்வி: இரண்டு ஆண்டுகள் ஓட்டாமல் வைத்திருந்த சைக்கிளின் டயர் வெடித்துப்போயிருக்கிறது. ஓடாத டயர் ஏன் கெடுகிறது? டயரில் சேர்க்கும் மருந்து மீன்களைக் கொல்கிறது என்கிறார்களே? (அவிசாவளை வாசகர்)

கெடுத்தது காற்றிலுள்ள ஓசோன். இழுவிசையில் நிற்கும் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை அது வெட்டுவதால், இழுவைக்குக் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. இதைத் தடுக்க மோட்டார் வாகன டயர்களில் மெழுகும் 6பிபிடி என்ற சேர்மமும் கலப்பார்கள். மெழுகு மேலே படலமாகப் படிந்து நிற்கும். சக்கரம் வளைந்து நெளியும்போது படலம் விரிசல் விடும், அப்போது உள்ளிருந்து ஊறிவரும் 6பிபிடி ஓசோனைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். புது டயரின் பக்கவாட்டில் சில மாதங்களில் தெரியும் பழுப்புச் சாயல் பெரும்பாலும் இந்த ஊற்றுதான்.

மீன் செய்தியும் உண்மை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் முட்டையிடத் திரும்பிய கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப்பின் செத்து மிதந்ததற்கு, டயர்த் துகளிலிருந்து கழுவிவந்த 6பிபிடி-குயினோன் காரணம் என்று 2020 டிசம்பரில் வெளியான ஆய்வு காட்டியது. 6பிபிடி ஓசோனோடு சேரும்போது பிறப்பது அது; டயரைக் காக்கும் வேலையைச் செய்வதாலேயே அந்த நஞ்சு உண்டாகிறது. அதே நீரில் சம் என்னும் வேறொரு வகைச் சால்மன் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை என்பது விநோதம். கலிஃபோர்னியா மாநிலம் 2023 அக்டோபர் முதல், மாற்றுப் பொருளை ஆராயும்படி டயர் உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்துகிறது. ரப்பரைவிட வேகமாக ஓசோனைப் பிடிக்க வேண்டும், ஊறிவரவும் வேண்டும், பிடித்தபின் உருவாகும் பொருளும் தீங்கற்றதாக இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது.

உங்கள் சைக்கிளுக்கு வேறு டயர் போட்டபின், நீண்டநாள் நிறுத்துவதானால் சக்கரம் தரையில் அழுந்தாதபடி தூக்கி மாட்டுங்கள். வெல்டிங் பட்டறைக்கும் ஓடும் மின்மோட்டாருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள்; அங்கே தீப்பொறியில் ஓசோன் பிறக்கும்.