கேள்வி நேரம்: 187 ஓட்டில் ஜெயித்த ஊர்

கேள்வி: என் அண்ணன் மகன் கலிஃபோர்னியாவில் மெர்செட் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறான். அங்கே பாதிக்கு மேல் மெக்சிகோ வழி வந்தவர்களாம். ஆனாலும் எம்.பி. தேர்தல் என்றால் கடைசி வரை இழுபறி என்கிறான். ஒரே சமூகத்தில் அத்தனை பேர் இருந்தால் ஒரு பக்கம்தானே சாய வேண்டும்?
– பாலக்கோடு வாசகர்

பதில்: இதை தர்மபுரி மாவட்டத்துக்காரர் கேட்பதுதான் வேடிக்கை. "அவங்க ஆளுங்க இத்தனை லட்சம், அதனால இவர்தான்" என்று உங்கள் ஊர் தக்காளி மண்டியில் போட்ட கணக்கு எத்தனை முறை பொய்த்திருக்கிறது!

அது 13வது தொகுதி. 2024 எல்லைப்படி மெர்செட் மாவட்டம் முழுக்க, மடேராவில் பெரும்பகுதி, அப்புறம் பக்கத்து மாவட்டங்களில் துண்டு துண்டாக. பாதாம், பால் மாடு, தக்காளி, திராட்சை. ஜனம் ஏழரை லட்சத்துக்கு மேல், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு லத்தீனோக்கள், அதாவது மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழி வந்தவர்கள். சரி, 2024இல் விழுந்த ஓட்டைப் பாருங்கள். ஜனநாயகக் கட்சி ஆடம் கிரேவுக்கு 1,05,554, குடியரசுக் கட்சி ஜான் டுவார்ட்டேவுக்கு 1,05,367. கூட்டினால் 2 லட்சத்துப் பத்தாயிரம் சொச்சம்தான். மீதிப் பேர் எங்கே? பலர் 18 வயது ஆகாத பிள்ளைகள், பலர் வருஷக்கணக்காகத் தோட்டத்தில் பறிப்பு வேலை பார்த்தும் குடியுரிமை கிடைக்காதவர்கள். தொகுதி பிரிக்கும்போது அவர்கள் தலையும் எண்ணப்படும், ஓட்டுச் சீட்டு மட்டும் வராது. ஓட்டுரிமை உள்ளவர்களை மட்டும் எடுத்தால் லத்தீனோ பங்கு ஏறத்தாழ பாதிக்கு இறங்கிவிடுகிறது, அதிலும் இளவட்டம் அதிகம், இளவட்டம் ஓட்டுப் போடுவது குறைவு. அதிபர் தேர்தல் இல்லாத 2022இல் இதே இரண்டு பேர் மோதியபோது விழுந்தது வெறும் 1,33,556. டுவார்ட்டே 564 ஓட்டில் ஜெயித்தார். 2024இல் கிரே 187 ஓட்டில். (தர்மபுரியில் அதே 2024இல் 81 சதவீதத்துக்கு மேல் பதிவு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். இதில் நாம் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்.)

இன்னொன்று, அவர்கள் ஒரே மந்தை கிடையாது. 2020இல் பைடனுக்கு அதிகம் போட்ட பகுதி 2024இல் டிரம்புக்கு அதிகம் போட்டது, அதே தேர்தலில் டிரம்பின் கட்சி எம்.பி. தோற்றார். அப்படியென்றால் அதிபருக்கு ஒரு கட்சிக்கும் எம்.பி.க்கு வேறொரு கட்சிக்கும் போட்டவர்கள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

கேள்வி: விவசாயத் தொகுதி என்றால் தண்ணீர்தான் பிரச்சினையா, நம்ம ஊர் மாதிரி?
– பென்னாகரம் வாசகி

பதில்: அதேதான். வடக்கே சாக்ரமென்டோ, சான் வாக்கின் ஆறுகள் சேரும் டெல்டாவிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீர் மீனுக்கா, பயிருக்கா என்று சண்டை. நெடுஞ்சாலை ஓரத் தோட்டங்களில் "உணவு விளைவிப்பது தண்ணீரை வீணாக்குவதா?" என்று பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். கால்வாய் வராத வருஷம் போர் போட்டு உறிஞ்சி, சில இடங்களில் நிலமே அடி அடியாக இறங்கிவிட்டது. 2014இல் நிலத்தடி நீருக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்து சட்டம் போட்டார்கள். நாம் ஆயிரம் அடி தாண்டியும் யாரும் கேட்பதில்லை, அது வேறு கதை.

அதனால் அங்கே தண்ணீரைப் பற்றிப் பேசாமல் எந்தக் கட்சிக்காரரும் ஓட்டுக் கேட்க முடியாது. டுவார்ட்டே யார் என்கிறீர்கள்? திராட்சை, பாதாம் கன்று போட்டு விற்கும் நர்சரிக் குடும்பம். நம்ம சந்தூரில் மாங்கன்று விற்பவர் எம்.பி. ஆனால் எப்படியோ அப்படி, அளவு மட்டும் பல மடங்கு.

கேள்வி: கூலிக்காரர்கள் அங்கே சங்கம் வைத்துப் போராடியது உண்டா?
– ஊத்தங்கரை வாசகர்

பதில்: உண்டு. தெற்கே டெலானோவில் 1965 செப்டம்பரில் திராட்சைத் தோட்டத்தில் வேலையை நிறுத்தியவர்கள் முதலில் ஃபிலிப்பினோக்கள், தலைவர் லாரி இட்லியாங். சில நாளில் சீசர் சாவேசும் டோலோரஸ் ஹுவர்ட்டாவும் நடத்திய மெக்சிகோ வழிக்காரர் சங்கம் சேர்ந்துகொண்டது. 1970இல்தான் முதலாளிகள் ஒப்பந்தத்துக்கு இறங்கினார்கள். ஆனால் அதே டெலானோ இருக்கும் 22வது தொகுதியில் 2024இல் ஜெயித்தவர் குடியரசுக் கட்சி டேவிட் வலடாவோ, பால் பண்ணைக்காரர், போர்ச்சுகல் வம்சாவளி. 2018இல் அவர் ஜெயித்துவிட்டதாகச் செய்தி நிறுவனமே அறிவித்து, பிறகு வாபஸ் வாங்கியது; அவர் 862 ஓட்டில் தோற்றார்.

கேள்வி: நம்ம ஆட்கள் இருக்கிறார்களா?
– ஓசூர் வாசகர்

பதில்: பஞ்சாபிகள் நிறைய. மெர்செட் மாவட்டத்து லிவிங்ஸ்டன் பக்கம் குருத்வாராவே உண்டு.

கேள்வி: 187 ஓட்டுக்கு ஒரு மாதமா எண்ணுவார்கள்? கிருஷ்ணகிரியில் 2021இல் 794 ஓட்டு வித்தியாசம், ஓரிரு நாளில் முடிந்ததே!
– காவேரிப்பட்டினம் வாசகர்

பதில்: இங்கே மெஷின், அங்கே தபால். எல்லா வாக்காளருக்கும் சீட்டு வீட்டுக்கே வரும், தேர்தல் நாளில் தபாலில் சேர்த்திருந்தால் ஒரு வாரம் கழித்து வந்தாலும் செல்லும். உறையில் போட்ட கையெழுத்து பதிவோடு ஒத்துப்போகவில்லை என்றால் தூக்கி எறியமாட்டார்கள், சரிசெய்ய வாய்ப்பு தருவார்கள். அதனால் நவம்பர் 5இல் நடந்த தேர்தலுக்கு டிசம்பர் 3 வரை முடிவு தெரியவில்லை. இடையில் இரண்டு கட்சி ஆட்களும் வீடு வீடாகப் போய், "அம்மா, உங்க கையெழுத்து சரியில்லையாம், இன்னொரு தடவை போட்டுக் கொடுங்க" என்று நின்றிருக்கிறார்கள்.