தாத்தாவின் பாவம் பேரனைத் தொடருமா?

கேள்வி: என் கணவர் மளிகைக் கடைக்காகக் கந்துவட்டிக்குப் பணம் வாங்கினார். கடை மூடிப்போனது, கடன் நிற்கிறது. சபையில் ஜெபிக்கிற ஓர் அம்மா, "உன் வீட்டுக்காரருடைய தாத்தா விக்கிரகம் வணங்கியவர். தீர்க்கதரிசிகள் சொன்ன நியாயத்தீர்ப்புதான் மூன்றாம் தலைமுறையில் பிடித்திருக்கிறது" என்கிறார். சாபத்தை முறிக்கிற தனி ஜெபத்துக்குக் காணிக்கை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரி, கொடுக்காதீர்கள். அந்த அம்மா நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் தீர்க்கதரிசிகள் சொன்னது வேறு.

எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தை இன்று இரவே இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களோடு இருந்தவர் எசேக்கியேல் தீர்க்கதரிசி. விக்கிரக ஆராதனையை அவரைப்போலக் கடுமையாகச் சாடியவர்கள் குறைவு. எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே எழுபது மூப்பர்கள், சுவரில் ஊரும் பிராணிகளின் சித்திரங்களுக்கு முன்னால் தூபகலசத்தோடு நின்றதை அவர் தரிசனத்தில் பார்த்தார். அப்பேர்ப்பட்டவரிடம்தான் அந்த ஜனங்கள், "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று பழமொழி பேசினார்கள். இனி அதைச் சொல்லவே கூடாது என்றார் கர்த்தர். தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று அந்த அதிகாரம் பச்சையாகவே சொல்கிறது.

யூதாவை ஆண்ட யோசியா ராஜாவைப் பாருங்கள். அவருடைய தாத்தா மனாசே ஆலயத்துக்குள்ளேயே விக்கிரகத்தை வைத்தவன். பேரனோ, அவரைப்போல ஒரு ராஜா இருந்ததில்லை என்று பெயர் வாங்கினார். மனாசேயினிமித்தம் யூதாவின்மேல் வந்த கோபம் தணியவில்லை என்றும் இராஜாக்களின் புத்தகம் சொல்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் யோசியாவின் மகன் யோயாக்கீமை எரேமியா தீர்க்கதரிசி கண்டித்தபோது மனாசேயின் பேச்சையே எடுக்கவில்லை. வேலையாட்களுக்குக் கூலி கொடுக்காமல் கேதுருப் பலகை அடித்து, சிவப்புச் சாயம் பூசி மாளிகை கட்டுகிறாயே என்றுதான் கேட்டார்.

பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் பிள்ளைகளிடத்தில் விசாரிப்பேன் என்கிற வசனம் யாத்திராகமம் 20இல் இருக்கிறது. அது கர்த்தரைப் பகைக்கிறவர்களைக் குறித்தது. அடுத்த வசனத்திலேயே, அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம் என்று வருகிறது. அதை ஏன் யாரும் உங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை?

இன்னொன்று. எசேக்கியேல் அடுக்கும் பாவப் பட்டியலில் விக்கிரகத்தோடு கூடவே வட்டி வாங்குவதும் அடகைத் திருப்பிக் கொடுக்காததும் இருக்கின்றன. அப்படியானால் அந்தக் கண்டிப்பு போய்ச் சேர வேண்டிய இடம் உங்களுக்குக் கந்துவட்டிக்குக் கொடுத்தவரின் வீடு. செத்துப்போன ஒரு கிழவரை இதில் இழுப்பது அநியாயம். உங்கள் கணவர் ஏற்கெனவே நொந்துபோயிருப்பார். அவர் குடும்பத்தைச் சொல்லிக் குத்தாதீர்கள்.

சரி, கடனுக்கு என்ன வழி? கந்துவட்டியைத் தடைசெய்யத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது, போலீஸில் புகார் கொடுக்கலாம். வாங்கிய தொகை, தேதி, இதுவரை கட்டியது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுத்தாள், காசோலை இருந்தால் அதையும் குறியுங்கள். அப்புறம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும். ஜெபம் வேண்டுமா, உங்கள் போதகரிடம் கேளுங்கள். அதற்குக் காசு வேண்டாம்.