ஒரு கூரை, இரண்டு வாசல்

கேள்வி: அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் எக்லி என்ற பழைய நிலக்கரி ஊரின் படங்களைப் பார்த்தேன். வரிசையாக மர வீடுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஏன் அப்படி?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அது ஒரு வீடு இல்லை, ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். நடுச்சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. ஒரு சுவர் மிச்சம் என்பதுதான் கம்பெனியின் கணக்கு. 1854இல் சுரங்கம் தோண்ட வந்த கம்பெனியே வீடு, கடை எல்லாவற்றையும் கட்டியது. ஆள் சம்பாதிப்பதும் அவர்களிடம், வாடகை கொடுப்பதும் அவர்களுக்கு.

என் அப்பா தச்சர். அதனால் அந்த ஊருக்குப் போனபோது என் கண் முதலில் சுவருக்குத்தான் போனது. அந்தக் கால நிலக்கரிக் கம்பெனிகள் மலிவாகக் கட்டிய விதம் இது: பலகைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி ஆணி அடித்து, இடுக்கு தெரியும் இடத்தில் மேலே ஒரு ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம். மரம் சரியாகக் காயாமல் இருந்தால் பலகை சுருங்கி இடுக்கு பெரிதாகும். பனிக்காற்று உள்ளே வரும். அதைத் தடுக்க உள்பக்கம் பழைய செய்தித்தாளை ஒட்டுவார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் ஒரு தாய் என்ன பாடுபட்டிருப்பாள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சுரங்கத்தில் ஆள் செத்தால்? வேலைக்குப் போக வீட்டில் வேறு ஆண் இல்லையென்றால், பல கம்பெனி ஊர்களில் குடும்பம் வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான்.

எக்லியில் வீட்டின் அளவே ஆளின் அந்தஸ்தைச் சொல்லிவிடும். கரி அள்ளும் கூலியாளுக்குச் சின்ன வீடு, வெட்டும் சுரங்கத் தொழிலாளிக்குக் கொஞ்சம் பெரியது. கம்பெனிப் பங்காளி ரிச்சர்ட் ஷார்ப்பின் வீடு தெருவின் இன்னொரு கோடியில். அதுவும் மரம்தான், ஆனால் தனி வீடு, கூரை விளிம்பெல்லாம் பூவேலை!

சரி, இத்தனை வருஷம் எப்படி நின்றது என்கிறீர்களா? 1968இல் ‘தி மோலி மக்வையர்ஸ்’ படத்தை அங்கே எடுத்தார்கள். அந்தக் காலச் சுரங்கத் தொழிலாளிகளின் கதை என்பதால் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் புதைத்தார்கள், கரி உடைக்கும் ஆலை மாதிரி ஒன்றை மரத்தில் கட்டினார்கள். ஊரை இடிக்கும் பேச்சு அதோடு நின்றது. 1971இல் மாநில அரசின் கைக்கு வந்து அருங்காட்சியகமானது.

போக வாய்த்தால் கூலியாள் வீடுகள் இருக்கும் முனையில் தொடங்கி ஷார்ப் வீடு வரை நடந்தே போங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.