'ஐ ஆம் போரிங்' தீராத தலைவலி

கேள்வி: மெக்சிகோ மாணவர்களுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். போரடித்தால் 'ஐ ஆம் போரிங்' என்கிறார்கள். எவ்வளவு திருத்தினாலும் திரும்ப வருகிறதே?

பதில்: ஸ்பானிஷில் 'அபுர்ரிதோ' என்ற ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது. 'எஸ்தோய் அபுர்ரிதோ' என்றால் எனக்குப் போரடிக்கிறது. 'சோய் அபுர்ரிதோ' என்றால் நான் ஓர் அறுவை. பொருளைப் பிரிப்பது வினைச்சொல்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஆம்' என்பதால், அந்த வேலை பெயரடையின் வாலுக்கு (-ed, -ing) போய்விடுகிறது. விதியை ஒப்பிக்க வைக்காதீர்கள். வாக்கியத்தை முதலில் ஸ்பானிஷில் சொல்லச் சொல்லுங்கள்: 'எஸ்தோய்' வந்தால் 'போர்டு', 'சோய்' வந்தால் 'போரிங்'. 'டயர்டு', 'டயரிங்' ஜோடிக்கும் இது பெரும்பாலும் கைகொடுக்கும். 'இன்ட்ரெஸ்டிங்' வேறு கதை. அதற்கு 'இன்தெரெசான்தே' என்று தனிச்சொல்லே உண்டு, சோதனை வேண்டாம்.

இதைவிட 'சென்சிபிள்' மீது ஒரு கண் வையுங்கள். ஸ்பானிஷ் 'சென்சீப்லே' தொட்டாற்சுருங்கியைக் குறிக்கும், ஆங்கிலத்தில் 'சென்சிட்டிவ்'. ஆங்கில 'சென்சிபிள்' குறிக்கும் விவேகிக்கு அங்கே 'சென்சாதோ'. 'மை டாட்டர் இஸ் வெரி சென்சிபிள்' என்று எழுதினால் இலக்கணப் பிழையே இல்லை, நீங்களும் சரி போட்டுவிடுவீர்கள். அடுத்த வரியில் 'அதனால் சட்டென்று அழுவாள்' என்று வரும்போதுதான் உறைக்கும். பெயரடைக்குப் பின் ஒரு 'பிகாஸ்' சேர்த்து எழுதச் சொன்னால் அங்கேயே பிடிபடும்.