முகத்தில் ஊசி போட்டாலும் முகம் மாறிப்போகாமல் இருக்க: எது, எவ்வளவு, எந்த வரிசையில்?

கேள்வி இதுதான்: 38 வயது. நெற்றியில் கோடுகள், கண்ணுக்குக் கீழே கருமை, கன்னம் ஒட்டிப்போன தோற்றம். மூன்று மாதத்தில் தம்பிக்குக் கல்யாணம். 50 யூனிட் போடாக்ஸும் (தசையைத் தளர்த்தும் ஊசி) 4 மி.லி. ஃபில்லரும் (பள்ளத்தை நிரப்பும் ஊசி) ஒரே நாளில் போடும் ‘ஃபுல் ஃபேஸ் பேக்கேஜ்’ எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஒரு கிளினிக். எடுத்துக்கொண்டால், பார்க்கிறவர்கள் ‘என்னமோ பண்ணியிருக்கா’ என்று சொல்லாத மாதிரி இருக்குமா?

பேக்கேஜாக எடுக்காதீர்கள். 50 யூனிட் அதிகம் என்று இதைச் சொல்லவில்லை. போடாக்ஸுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த அளவே புருவ நடுவில் 20, நெற்றியில் 20, இரண்டு கண்ணோரங்களிலும் சேர்த்து 24 யூனிட். உங்கள் முகம் எப்படி அசைகிறது என்று பார்க்கும் முன்பே அளவை முடிவு செய்துவிட்டார்கள் என்பதுதான் என் கவலை. ஒரே நாளில் 4 மி.லி. ஃபில்லர் போட்டால், வீக்கத்துக்கு நடுவே எது போதும், எது மிச்சம் என்று போடுகிறவருக்கே தெரியாது.

கிளினிக்குக்குப் போவதற்கு முன், மேக்கப் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு கையில் கண்ணாடி எடுங்கள். புருவத்தை உயர்த்துங்கள், முறையுங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள், பிறகு முகத்தைத் தளர விடுங்கள். அசையும்போது மட்டும் வந்து போகிற கோடு தசை இழுப்பதால் வருவது. போடாக்ஸ் வேலை செய்வது இதில்தான். தளர்ந்த பிறகும் நிற்கிற கோடு தோலிலேயே பதிந்துவிட்டது. போடாக்ஸ் போட்டால் அது மேலும் ஆழமாகாது, கொஞ்சம் மங்கும், ஆனால் அழியாது. நிழல் விழுகிற பள்ளம் கொழுப்பும் எலும்பும் குறைந்ததால் வருவது. அங்கேதான் ஃபில்லருக்கு வேலை. நிறத்திட்டு, சொரசொரப்பு, மங்கல் எல்லாம் தோலின் கோளாறு. அதற்குச் சன்ஸ்கிரீனும் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீமும்தான் முதலில். இரண்டு ஊசியும் அதைத் தொடாது. மேலே சொன்ன நான்கையும் ஒரே மருந்தால் சரிசெய்யப் பார்க்கும்போதுதான் முகம் செயற்கையாகிறது. தோல் மங்கலுக்குக் கன்னத்தில் ஃபில்லர் ஏற்றினால் கன்னம் உப்பும், மங்கல் அப்படியே இருக்கும்.

நெற்றியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், முதல்முறை போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். புருவத்தைத் தூக்குகிற தசை ஒன்றே ஒன்று, அது நெற்றித் தசை. கீழே இழுக்கிற தசைகள் பல. பொட்டு வைக்கிற இடத்தைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் இருக்கின்றன. நெற்றிக்கு மட்டும் போட்டு, பொட்டு இடத்துக்குப் போடாமல் விட்டால் தூக்கும் தசை சோர்ந்துவிடும், இழுக்கும் தசைகள் முழுப் பலத்தோடு இருக்கும். புருவம் இறங்கி, கண் சின்னதாகி, தூக்கம் வழிகிற முகமாகிவிடும். அதனால்தான் நெற்றிக்குப் போடும்போது புருவ நடுவுக்கும் சேர்த்தே போடுகிறார்கள். நெற்றியில் குத்தும் புள்ளிகள் புருவத்திலிருந்து குறைந்தது 2 செ.மீ. மேலே இருக்க வேண்டும். புருவத்தை ஒட்டிய கடைசிக் கோட்டையும் அழித்துத் தாருங்கள் என்று நீங்கள் வற்புறுத்தக் கூடாது. அந்தக் கோடு இருந்தால்தான் புருவம் நிற்கும்.

உங்கள் வயதில் இன்னொரு சோதனை அவசியம். கண்ணை மூடி நெற்றியை முழுக்கத் தளர விடுங்கள். புருவத்துக்கு மேலே விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு, நெற்றி அசையாமல் கண்ணைத் திறந்து பாருங்கள். இமை கனமாக, பாதி திரை போல மறைத்தால், நீங்கள் நாள் முழுக்க நெற்றித் தசையால்தான் இமையைத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்கு நெற்றியில் 20 யூனிட் போட்டால் கண் இறங்கும். பாதிக்கும் குறைவாக, மேல் நெற்றியில் மட்டும் போடலாம். போடாமல் விட்டாலும் தவறில்லை. இதைச் சோதிக்காமல் ஊசி எடுக்கிறவரிடம் நெற்றியைக் கொடுக்காதீர்கள்.

நடுவில் மட்டும் போட்டு ஓரங்களை விட்டாலும் கோளாறுதான். புருவத்தின் வால் பகுதி கூராக மேலே ஏறி, எப்போதும் ஆச்சரியப்படுகிற முகமாகிவிடும். அந்தப் பக்கம் 1 அல்லது 2 யூனிட் போட்டால் சரியாகும். மருந்து இமையைத் தூக்கும் தசைக்கு இறங்கினால் இமை சரியும். அது சில வாரங்களில் தானாகத் திரும்பும். அதுவரை அப்ராகுளோனிடின் 0.5% சொட்டு மருந்து இமையை 1, 2 மி.மீ. தூக்கிக் கொடுக்கும், அதையும் மருத்துவர் சொல்லித்தான் விட வேண்டும்.

இயல்பாகத் தெரிய வேண்டுமென்றால், முதல்முறை முழு அளவில் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு போட்டு 14 நாள் பொறுங்கள். மூன்றாம் நாளிலிருந்து வேலை தொடங்கி, இரண்டாம் வாரத்தில்தான் முழுப் பலன் தெரியும். அப்போது போதவில்லை என்றால் சேர்க்கலாம். கூடிப்போனால் எடுக்க வழியே இல்லை, 3, 4 மாதம் காத்திருக்க வேண்டியதுதான். இந்த மருந்து அழகுக்காகப் பிறந்ததும் இல்லை. 1989-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். வான்கூவரில் இமைத் துடிப்புக்குச் சிகிச்சை செய்துவந்த கண் மருத்துவர் ஜீன் கேரதர்ஸ், புருவ நடுக்கோடு மறைவதைக் கவனித்த பிறகே சுருக்கத்துக்கு வந்தது. கட்டுக்கடங்காத தசையை அளந்து அடக்குவதற்கான மருந்து இது. அசைவே இல்லாமல் ஆக்குவது மருந்தின் குணத்தால் வருவதில்லை, அளவைக் கூட்டியதால் வருவது.

மேல் உதட்டை வெளியே மலர்த்த ‘லிப் ஃப்ளிப்’ என்று 4 யூனிட் அளவில் போடுவார்கள். பேச்சும் ஊதுதலும் தொழிலாக இருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது. உதடு சேர்ந்து பிறக்கிற ப, ம எழுத்துகள் குழையும். ஸ்ட்ராவில் உறிஞ்சக் கஷ்டமாகும். நாகஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிப்பவருக்குக் காற்று ஓரத்தில் கசியும். பரதம் ஆடுகிறவர்கள் நெற்றிக்குப் போடுவதற்கு முன்பும் யோசிக்க வேண்டும். அபிநயத்தில் பாதி புருவத்தில் இருக்கிறது.

யூனிட் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். போடாக்ஸ் யூனிட்டும், அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தான டிஸ்போர்ட்டின் யூனிட்டும் ஒன்றல்ல; புருவ நடுவுக்குப் போடாக்ஸில் 20 என்றால் டிஸ்போர்ட்டில் 50. எண்ணைப் பார்த்து ‘அதிகம் போடுகிறார்கள்’ என்று மகிழ வேண்டாம், பயப்படவும் வேண்டாம். மருந்தின் பெயரைக் கேளுங்கள். 100 யூனிட் குப்பியில் 2.5 மி.லி. சலைன் கலந்தால் 0.1 மி.லி.யில் 4 யூனிட் இருக்கும். இதைவிட நீர்க்கக் கலந்தால் அதே துளியில் மருந்து குறையும், பரவும் தூரமும் கூடும். குப்பியை உங்கள் முன்னால் திறந்து, பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, கலந்த அளவு, போட்ட யூனிட் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுதான் அடுத்த முறைக்கு உங்கள் அளவுகோல்.

அடுத்து கண்ணுக்குக் கீழே. நம் தோலில் இந்தக் கருமை பெரும்பாலும் நிறமி, ஃபில்லரால் போகாது. தோலை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கருமை தோலோடு சேர்ந்து நகர்ந்தால் நிறமி. தலையை அண்ணாந்து வெளிச்சத்தைப் பார்க்கும்போது கருமை மறைந்தால் அது பள்ளத்தின் நிழல். நிழலுக்கு மட்டுமே ஃபில்லர், அதுவும் மெல்லிய வகை, ஒரு பக்கத்துக்கு 0.3 முதல் 0.5 மி.லி., எலும்பை ஒட்டி ஆழத்தில். மேலோட்டமாகப் போட்டால் தோல் வழியே நீலமாகத் தெரியும். பெரும்பாலான ஃபில்லர்களில் இருக்கும் ஹையலூரானிக் அமிலம் தண்ணீரை இழுக்கும் என்பதால், காலையில் எழுந்தவுடன் கண்ணடியில் வீக்கம் வருகிறவர்களுக்கு அந்த வீக்கம் நிரந்தரமாகிவிடலாம். உங்களுக்கு அப்படி வீக்கம் இருந்தால் கண்ணடியை விட்டுவிடுங்கள். பல நேரம் கன்னத்து மேட்டில் கொஞ்சம் ஏற்றினாலே கண்ணடிப் பள்ளம் குறைந்துவிடும், அதனால் கன்னத்தை முதலில் செய்து பார்ப்பதுதான் நல்லது.

கன்னத்துக்கு முதல்முறை மொத்தம் 1 மி.லி., பக்கத்துக்குப் பாதி. ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்குதான் அது. ஒட்டிய கன்னம் முழுதாக நிறையாது. நிறையவும் வேண்டாம், நிழல் உடைந்தால் போதும். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்குகிற கோட்டை ஃபில்லரால் முழுக்க அடைக்கச் சொல்லாதீர்கள். சிறுகுழந்தைக்கும் சிரித்தால் அந்தக் கோடு வரும். அதை அடைத்த முகம் சிரிக்கும்போது மேலுதட்டுக்கு மேலே பொம்மித் தெரியும், எல்லோரும் கண்டுபிடிப்பது அதைத்தான். உதட்டுக்கு ஆசையிருந்தால் 0.5 மி.லி.க்கு மேல் வேண்டாம். தமிழ் முகங்களில் உதடு இயல்பிலேயே நிறைவாக இருப்பது அதிகம். வெள்ளைக்கார முகத்துக்கு எழுதிய விகிதத்தை இங்கே பொருத்தினால் வாய் முன்னால் துருத்தும்.

முதல்முறைக்கு ஹையலூரானிக் அமில ஃபில்லர் மட்டுமே. ஒரே காரணம், பிடிக்கவில்லை என்றாலும் ஆபத்து வந்தாலும் ஹையலூரானிடேஸ் ஊசியால் கரைக்கலாம். கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட், பாலி லாக்டிக் அமிலம் போன்ற மற்ற ஃபில்லர்களை அப்படிக் கரைக்க முடியாது. சிலிகான் முகத்துக்குள் போகவே கூடாது. பல ஆண்டு கழித்தும் கட்டி கட்டும், அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஹையலூரானிக் ஃபில்லர் ஓராண்டில் கரைந்துவிடும் என்று சொல்வதையும் அப்படியே நம்பாதீர்கள். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் சில ஆண்டு கழித்தும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை கடிகாரம் பார்த்து ஏற்றிக்கொண்டே போகிறவர்களின் முகம் தலையணை போல உப்புவது இப்படித்தான்.

பேக்கேஜோடு வெளுப்பு ஊசி சேர்த்துத் தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தோலை வெளுக்கும் ஊசி எதற்கும் எஃப்டிஏ அனுமதி தரவில்லை, குளுட்டாதயோனும் அதில் அடக்கம்.

பயமுறுத்துவதற்காக இல்லை, தெரிந்தே ஆக வேண்டும் என்பதற்காக: ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் அழுகும், கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்தால் பார்வை போகும். புருவ நடுவும் மூக்கும் இதில் மிக ஆபத்தான இடங்கள். இரண்டிலும் ஃபில்லர் வேண்டாம். அடையாளம்: ஊசி போட்ட இடத்திலோ தள்ளியோ தோல் வெளிறும், பிறகு வலைபோல் ஊதாத் திட்டு வரும், விரலால் அழுத்தி எடுத்தால் ரத்தம் மெதுவாகத் திரும்பும். மாநிறத்திலும் கருநிறத்திலும் வெளிறுவது சாம்பல் பூத்தது போலத்தான் தெரியும், எனவே மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். பல ஃபில்லர்களிலேயே மரப்பு மருந்து கலந்திருப்பதால் வலி உடனே தெரியாமலும் போகலாம். இரவானாலும் மருத்துவரை அழைத்து உடனே போக வேண்டும். ஐஸ் வைக்காதீர்கள், அது குழாயைச் சுருக்கும். பார்வை மங்கினால் நிமிடக் கணக்கு, கண் மருத்துவ வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

ஆகவே மருத்துவரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ‘ஹையலூரானிடேஸ் இப்போது உங்கள் ஃபிரிட்ஜில் எத்தனை குப்பி இருக்கிறது?’ ஓர் அடைப்புக்கே 1500 யூனிட் குப்பிகள் சில தேவைப்படலாம். ‘வாங்கிக்கொள்ளலாம்’ என்ற பதில் போதாது. தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். படித்தவரா என்று பாருங்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஆலோசனை சொன்னவர் கையால்தான் ஊசியும் விழ வேண்டும். குளவி, தேனீ கொட்டி அலர்ஜி வந்ததுண்டா, வாயோரத்தில் அக்கிக் கொப்புளம் வருமா, தசைக்களைப்பு நோய் உண்டா, கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா என்று அவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் தானாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். ஃபில்லருக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் பல் சுத்தம் செய்வதும் பல் பிடுங்குவதும் வேண்டாம். வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி ஃபில்லரில் தங்கிவிடலாம்.

உங்கள் மூன்று மாதத்தை இப்படிப் பிரிக்கலாம். இன்றிலிருந்தே சன்ஸ்கிரீன், ஏனென்றால் ஊசித் தழும்பும் கன்றலும் நம் தோலில் கரும்புள்ளியாக நிற்கும். இந்த மாதம் கன்னத்தில் 1 மி.லி. ஃபில்லர். நாலு வாரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில், சிரித்தும் சிரிக்காமலும் போட்டோ எடுத்துப் பழையதோடு வைத்துப் பாருங்கள். கண்ணடியைத் தொடுவதா வேண்டாமா என்பது அப்போது தெரியும். போடாக்ஸ் இப்போதே போட்டால் கல்யாணத்தன்று வேலை இறங்க ஆரம்பித்திருக்கும். கல்யாணத்துக்கு 6 வாரம் முன்பு போடுங்கள். அன்றைக்கு 4 மணிநேரம் படுக்காமல், முகத்தைத் தேய்க்காமல் இருங்கள், உடற்பயிற்சியை மறுநாளுக்குத் தள்ளுங்கள். இரண்டு வாரத்தில் ஏற்றத்தாழ்வு தெரிந்தால் 1, 2 யூனிட் திருத்தம். அதற்குப் பிறகு கல்யாணம் முடியும்வரை எந்த ஊசியும் வேண்டாம், கடைசி இரண்டு வாரம் புதிய ஃபேஷியலோ, தோலை உரிக்கும் பீலோகூட வேண்டாம்.