நெருக்கடி என்றதும் மக்கள் ஏன் வீட்டுச் சாமான்களை வாங்கிக் குவிக்கிறார்கள்?

பேராசை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் அது பாதிகூட சரியில்லை. பொருள் தீர்ந்துபோகும் என்ற பயத்தைவிட, மற்றவர்கள் வாங்கித் தீர்த்துவிடுவார்கள் என்ற பயம்தான் பெரிது.

1973 அக்டோபர் இறுதியில் எண்ணெய் நெருக்கடியால் காகிதம் கிடைக்காது என்று ஜப்பானில் பேச்சு கிளம்பியது. ஒசாகா அருகே ஒரு கடையில் டாய்லெட் பேப்பருக்கு வரிசை நின்றது. செய்தி பரவி, நாட்டின் பல ஊர்களில் அலமாரிகள் காலி. இத்தனைக்கும் உற்பத்தி வழக்கம்போலத்தான் நடந்துகொண்டிருந்தது. 2020 மார்ச்சில் பல நாடுகளில் இதே கதை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்: தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் கணிப்பு. தட்டுப்பாடு வரும் என்று எல்லோரும் நம்பினால், அந்த நம்பிக்கையே அதைக் கொண்டுவந்துவிடும்.

சரி, ஏன் டாய்லெட் பேப்பர்? பெரிய பொட்டலம், இடத்தை அடைக்கும். சிலர் எடுத்தாலே அலமாரியில் ஓட்டை தெரியும். கடைகளும் வழக்கமான விற்பனைக்கு ஏற்றபடிதான் சரக்கு எடுக்கின்றன. வீட்டுக்கு ஒரு பொட்டலம் கூடுதலாகப் போனாலே கணக்கு உதைக்கும்.

அப்புறம் மனசு. நோயையோ போரையோ நம்மால் நிறுத்த முடியாது, சோப்பை வாங்கி அடுக்க முடியும். காலி அலமாரி முன்னால் நின்று, தேவையே இல்லாத ஒன்றை நானும் கூடையில் போட்டிருக்கிறேன். ‘ஆளுக்கு இரண்டுதான்’ என்ற அட்டையைப் பார்த்ததும், ஒன்று எடுக்க வந்த நான் இரண்டாக எடுத்தேன்.